க்யூட் பாடத் தேர்வு ஆலோசனை: ஐயாயிரம் ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆலோசனைப் பேக்கேஜுக்கு ஐந்து நட்சத்திரத்தில் இரண்டு கொடுப்பேன், அந்த இரண்டும் மாதிரித் தேர்வுகளுக்காக. க்யூட் நுழைவுத் தேர்வை எந்தெந்தப் பாடத்தில் எழுதலாம் என்று சொல்லித்தருகிறோம் என்று விற்கிறார்களே, அந்தப் பகுதிக்கு ஒன்றுகூடக் கொடுக்க மனம் வரவில்லை. அங்கே சொன்னதில் இரண்டு விஷயம் சுத்தமாகத் தவறு, அதில் ஒன்றை நம்பி விண்ணப்பித்திருந்தால் பிள்ளைக்கு அந்த வருடத்துச் சேர்க்கையே போயிருக்கலாம்.

என் அக்கா மகளுக்காக 2025 பிப்ரவரியில் திருச்சியில் வாங்கிய பேக்கேஜ் இது. மையத்தின் பெயர் வேண்டாம். இதே மாதிரி கடை இப்போது எல்லா ஊரிலும் திறந்திருக்கிறார்கள், அதனால் நீங்கள் போகிற இடத்தில் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

க்யூட் என்றால் என்ன என்று இன்னும் பல வீடுகளில் தெரியாது என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேர 2022 முதல் நடக்கிற பொது நுழைவுத் தேர்வு இது, என்டிஏ எனப்படும் தேசியத் தேர்வு முகமைதான் நடத்துகிறது. டெல்லி, பனாரஸ், ஜேஎன்யூ, ஹைதராபாத், நம் பக்கத்திலேயே திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் எல்லாம் இந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் இளநிலைக்கும் ஒருங்கிணைந்த படிப்புகளுக்கும் ஆள் எடுக்கின்றன. நீட் மாதிரி எல்லோருக்கும் ஒரே தாள் கிடையாது. பெரிய பட்டியல் ஒன்றைக் கொடுத்து, இதில் உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள் என்று சொல்லிவிடுவார்கள். 2025இல் அந்தப் பட்டியலில் 37 பாடங்கள்: 13 மொழிகள், 23 துறைப் பாடங்கள், ஒரு பொதுத் திறன் தேர்வு. ஒரு மாணவர் அதிகபட்சம் ஐந்து எழுதலாம். ஒவ்வொரு தாளும் ஒரு மணி நேரம், 50 கேள்வி, எதையும் விட முடியாது, சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும், மொத்தம் 250.

இந்த ஐந்து என்ற எண்தான் இப்போது பிரச்சினையே. 2022இல் ஒன்பது பாடம் வரை எழுத விட்டார்கள், 2023இல் பத்து, 2024இல் ஆறாக்கினார்கள், 2025இல் ஐந்து. பத்து எழுதலாம் என்றிருந்தபோது இரண்டு பாடம் வீணாய்ப் போனாலும் மீதி எட்டு கைகொடுத்தது. ஐந்தில் ஒன்று வீணாய்ப் போனால், பல படிப்புகள் நான்கு தாள் கேட்பதால், விளிம்பில் வந்து நின்றுவிடுவோம். விண்ணப்பத்தில் டிக் போடுகிற அந்த ஐந்து நிமிடத்திலேயே பாதிக் கதவுகள் மூடிவிடும், தேர்வு எப்படி எழுதினாலும் அவை திறக்காது.

சரி, பேக்கேஜில் என்ன தந்தார்கள்? ஒரு மணி நேர நேரடி ஆலோசனை, ஒரு பிடிஎஃப், ஆன்லைனில் மாதிரித் தேர்வுகள், தேர்வு முடிகிற வரை வாட்ஸ்அப் குழு. ஆலோசனைக்கு உட்கார்ந்த மேடம் அன்பாகத்தான் பேசினார். பிள்ளையிடம் என்ன பிடிக்கும், எதில் மார்க் நன்றாக வரும், எந்தப் பாடம் பயம் என்றெல்லாம் கேட்டார். ஆனால் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்ற கேள்வி கடைசிப் பத்து நிமிடத்தில்தான் வந்தது. அங்கேயே எனக்கு உறுத்தியது, ஏனென்றால் க்யூட்டில் ஆரம்பிக்க வேண்டிய இடமே அந்தக் கேள்விதான்.

முதல் தவறு பிடிஎஃப்பில் இருந்தது. ஆறு பாடம் எடுக்கலாம் என்று போட்டு, ஆறாவதாகச் சட்டவியல் எடுக்கலாம், எளிது, என்று எழுதியிருந்தார்கள். 63 பாடங்களை 37 ஆகக் குறைக்கப் போவதாகவும், ஐந்துக்கு மேல் எழுத முடியாது என்றும் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2024 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது. சட்டவியல், தொழில்முனைவு, சுற்றுலா, ஃபேஷன் ஸ்டடீஸ், பொறியியல் வரைபடம், ஆசிரியர் திறன் இதெல்லாம் பட்டியலிலிருந்தே போய்விட்டன. இரண்டு மாதத்துக்கு முன் செத்துப்போன விதியை அச்சடித்துக் காசுக்கு விற்றிருக்கிறார்கள். கேட்டதற்கு "அப்டேட் பண்ணிடுவோம் சார்" என்றார்கள். நான் பார்த்தவரை பேக்கேஜ் முடிகிற வரை அந்தப் பிடிஎஃப் மாறவில்லை.

இரண்டாவது தவறுதான் ஆபத்தானது. அக்கா மகள் மாநிலப் பாடத்திட்டம், கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் எடுத்த குரூப். கணிதமே கிடையாது. அவளிடம் அந்த மேடம், "மேத்ஸ் ஒண்ணு சேர்த்துக்கோம்மா, அப்ளைடு மேத்ஸ் பகுதி ஈஸிதான், பன்னிரண்டாவதுல படிக்கலைன்னாலும் பரவாயில்லை, இந்த வருஷம் எந்தப் பாடம் வேணும்னாலும் எழுதலாம்னு என்டிஏவே சொல்லிட்டாங்க, மேத்ஸ் இருந்தா டெல்லியில எகனாமிக்ஸ் ஹானர்ஸ் கிடைக்கும்" என்றார். இதில் பாதி உண்மை, அதுதான் பயங்கரம். என்டிஏ அப்படி அனுமதித்தது உண்மை. பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்காத பாடத்திலும் அந்த ஆண்டு க்யூட் எழுதலாம் என்று விட்டார்கள். ஆனால் என்டிஏ தேர்வு நடத்துகிற அமைப்பு, சேர்க்கை கொடுப்பது பல்கலைக்கழகம். டெல்லி பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கையேட்டில், பன்னிரண்டாம் வகுப்பில் படித்துத் தேர்ச்சி பெற்ற பாடங்களில் எழுதிய க்யூட் மதிப்பெண்தான் கணக்கில் வரும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அவள் ராப்பகலாய் உட்கார்ந்து படித்துக் கணிதத்தில் 250க்கு 250 எடுத்தாலும் டெல்லியில் அந்தத் தாளுக்கு மதிப்பு பூஜ்யம்.

இதே கதைதான் மனோவியலுக்கும், மாஸ் மீடியாவுக்கும். "ஸ்கோரிங் சப்ஜெக்ட்" என்று சொல்லிக் குழுவில் பல பிள்ளைகளை அதற்குள் தள்ளிவிட்டார்கள். படிக்காத பாடத்தை ஏற்றுக்கொள்கிற பல்கலைக்கழகம் இருந்தால், அங்கேதான் போகப் போகிறேன் என்று முடிவு செய்திருந்தால், தாராளமாக எழுதலாம். அதைக் கேட்காமலே எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுத்தது எனக்குக் கோபம் வரவைத்தது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் கையேட்டை எடுத்துப் படித்துப் பார்த்து, இது தப்பு மேடம் என்று சொல்ல ஆள் கிடையாது.

அப்போது சரியான வழி என்ன? தலைகீழாக வர வேண்டும். முதலில் இரண்டு மூன்று பல்கலைக்கழகம், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று படிப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படிப்புக்கும் அந்தப் பல்கலைக்கழகம் கேட்கிற க்யூட் தாள்களைப் பக்கத்தில் எழுதுங்கள். இது எல்லாமே இலவசம், பல்கலைக்கழக இணையதளத்திலேயே இருக்கிறது, க்யூட் தளத்திலும் பல்கலைக்கழக வாரியாகத் தகுதி விவரம் போடுகிறார்கள். அப்புறம் எந்தத் தாள்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பாருங்கள். அந்தத் தாள்கள்தான் உங்கள் ஐந்து. பிடித்த பாடம், மார்க் வருகிற பாடம் என்கிற யோசனையெல்லாம் இதற்குப் பிறகு, மீதி இருக்கிற ஒன்றிரண்டு இடத்துக்குத்தான்.

டெல்லியை வைத்தே சொல்கிறேன், நாங்கள் அதைத்தான் அதிகம் அலசினோம். பி.காம் ஹானர்ஸுக்கு ஒரு மொழி, கணிதம் அல்லது கணக்குப்பதிவியல், கூடவே இன்னும் இரண்டு பாடம், ஆக நான்கு தாள். பொருளியல் ஹானர்ஸுக்கு ஒரு மொழி, கட்டாயம் கணிதம், மேலும் இரண்டு. பிஎம்எஸ் மாதிரி மேலாண்மைப் படிப்புகளுக்கு ஒரு மொழி, கணிதம், பொதுத் திறன் தேர்வு, மூன்றே தாள்தான். இதை மூன்று வரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் வணிகப் பாடங்களும் சேர்த்துப் படிக்கிற பிள்ளைக்கு விடை தானாக வந்துவிடும்: ஆங்கிலம், கணிதம், கணக்குப்பதிவியல், பொருளியல், பொதுத் திறன் தேர்வு. இந்த ஐந்தில் மூன்று படிப்புக்கும் வழி இருக்கிறது. இதில் விட்டுப்போவது பிசினஸ் ஸ்டடீஸ். வணிகப் பிள்ளைகள் எல்லோரும் எளிது என்று முதலில் டிக் போடுவதே அதைத்தான். அதை விடுவதற்கு மனசு வராது, ஆனால் கணிதத்தில் ஓரளவு தைரியம் இருக்கிற பிள்ளைக்கு விடத்தான் வேண்டும். கணிதத்தில் நடுங்குகிற பிள்ளை என்றால் வேறு கணக்கு. எகனாமிக்ஸ் ஹானர்ஸ் ஆசையை விட்டுவிட்டு பி.காமுக்கு முழு பலத்தோடு போவது நல்லது, நான்கில் ஒரு தாள் சறுக்கினால் மொத்தக் கூட்டலும் சறுக்கும்.

எங்கள் பிள்ளைக்குக் கணிதம் இல்லாததால் எகனாமிக்ஸ் ஹானர்ஸ், பிஎம்எஸ் இரண்டும் பதினோராம் வகுப்பில் குரூப் எடுத்த அன்றே மூடிவிட்டன. இதை யாரும் அப்போது சொல்லவில்லை. பத்தாவது முடித்த பிள்ளையிடம் குரூப் கேட்கும்போது நம் ஊரில் டாக்டர், இன்ஜினியர், பேங்க் வேலை என்கிற அளவில்தான் பேச்சு நடக்கிறது. இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர் வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தால், க்யூட் எழுத வைக்கிற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், தகுதிப் பட்டியலை இப்போதே ஒரு தடவை பாருங்கள்.

ஆக அவளுக்கு நான்கு உறுதி: ஆங்கிலம், கணக்குப்பதிவியல், பிசினஸ் ஸ்டடீஸ், பொருளியல். இங்கே இன்னொரு சந்தேகம் வரும். நம் புத்தகத்தில் பாடத்தின் பெயர் வணிகவியல், க்யூட் பட்டியலில் அந்தப் பெயரே கிடையாது, பிசினஸ் ஸ்டடீஸ்தான் இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழகத்தின் விதி என்னவென்றால், நீங்கள் படித்த பாடம் பட்டியலில் இல்லாவிட்டால் அதற்கு மிக நெருக்கமான பாடத்தை எழுத வேண்டும். உயிர்வேதியியல் படித்தவர் உயிரியல் எழுத வேண்டும் என்று அவர்களே உதாரணம் கொடுத்திருந்தார்கள். அதே முறையில்தான் வணிகவியல் படித்தவர் பிசினஸ் ஸ்டடீஸ் எழுதுவதும். வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுத்த பிள்ளைகள் மட்டும் இதில் இன்னும் கவனமாக இருங்கள். க்யூட் கணிதத் தாளில் 15 கேள்வி எல்லோருக்கும் பொது, மீதி 35ஐக் கணிதத்திலிருந்தோ அப்ளைடு மேத்ஸிலிருந்தோ எழுதலாம், நம் வணிகக் கணிதப் புத்தகத்துக்கும் அப்ளைடு மேத்ஸுக்கும் நிறைய ஒற்றுமை உண்டு. ஆனால் கணிதம் என்று கேட்கிற படிப்புக்கு உங்கள் மதிப்பெண் சான்றிதழில் இருக்கிற பெயர் செல்லுமா என்பதைச் சம்பந்தப்பட்ட பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது, மையத்தில் சொல்வது நிச்சயம் போதாது.

ஐந்தாவது இடத்துக்கு வீட்டில் பெரிய விவாதம். அக்கா தமிழ் எழுதச் சொன்னாள், மையம் கணிதம் சொன்னது, பிள்ளை பொதுத் திறன் தேர்வு என்றாள். தமிழ்த் தாளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மையத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. 13 மொழிகளில் தமிழும் ஒன்று. "ஏதாவது ஒரு மொழி" என்று கேட்கிற படிப்புகளுக்கு ஆங்கிலத்துக்குச் சமமாகத் தமிழ் மதிப்பெண்ணும் செல்லும். தமிழ்வழியில் படித்த பிள்ளை, ஆங்கிலப் பத்தியை ஒரு தடவைக்கு மூன்று தடவை படித்தால்தான் புரியும் என்கிற நிலையில் இருந்தால், தமிழ்த் தாள் பெரிய பலம். மற்றப் பாடங்களின் வினாத்தாளையும் தமிழிலேயே கேட்டு வாங்கலாம், அந்த வசதியும் இருக்கிறது. ஆங்கில இலக்கியம் மாதிரி ஆங்கிலத்தையே கட்டாயமாகக் கேட்கிற படிப்பு உங்கள் பட்டியலில் இருந்தால் மட்டும் ஆங்கிலத்தை விடக்கூடாது. அக்கா மகள் ஆங்கிலத்தில் நன்றாகவே எழுதுவாள் என்பதால் இரண்டாவது மொழித்தாள் அவளுக்குப் புதிதாக எந்தக் கதவையும் திறக்காது. ஒரு மொழியும் பொதுத் திறன் தேர்வும் மட்டும் கேட்கிற படிப்புகள் சில மத்தியப் பல்கலைக்கழகங்களில் உண்டு, டெல்லி கை நழுவினாலும் அங்கே ஒரு பிடி இருக்கும். அதனால் பொதுத் திறன் தேர்வுக்குப் போனோம். நடப்பு நிகழ்வு, சதவீதம், விகிதம், தர்க்கக் கேள்வி என்று வரும். பேங்க் தேர்வுப் புத்தகம் வீட்டில் இருந்தால் அதுவே நல்ல தொடக்கம்.

அறிவியல் குரூப் பிள்ளைகளுக்கு இவ்வளவு குழப்பம் இல்லை. டெல்லியில் இயற்பியல் ஹானர்ஸ் மாதிரிப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றின் கூட்டல்தான் தரவரிசை, மொழித்தாளில் 30 சதவீதம் எடுத்தால் போதும். ஆனால் எழுதியே ஆக வேண்டும். தரவரிசையில் சேராது என்று கேள்விப்பட்டு மொழியை விட்டவர்கள் தகுதியையே இழப்பார்கள். உயிரியலும் கணிதமும் சேர்ந்த குரூப் என்றால் நான்கு பாடமும் ஒரு மொழியும் ஐந்து, முடிந்தது.

எந்தப் பாடம் என்று முடிவானதும் அடுத்து வருவது பாடத்திட்ட வித்தியாசம். மையம் இதைத் தொடவே இல்லை, அவர்கள் பொருள் எல்லாம் சிபிஎஸ்இ பிள்ளைகளுக்காகத் தயாரித்தது. க்யூட் கேள்விகள் சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கிற என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலை ஒட்டி வருகின்றன. நம் பிள்ளைகள் அதே பாடத்தின் வேறு பகுதிகளைப் படித்துவிட்டு வருகிறார்கள். பொருளியலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் பேரியல், பணம், வங்கி, பன்னாட்டுப் பொருளியல் என்று போகும், நுண்ணியல் பொருளியல் முழுக்கப் பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. க்யூட்டில் நுண்ணியலும் உண்டு, பேரியலும் உண்டு, இந்தியப் பொருளாதாரமும் உண்டு. பழைய புத்தகக் கடையில் போட்ட பதினோராம் வகுப்புப் புத்தகத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான். போட்டுவிட்டாலும் கவலையில்லை, பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கணக்குப்பதிவியலில் கூட்டாண்மை, நற்பெயர், கூட்டாளி சேர்ப்பு, விலகல் எல்லாம் நமக்கு நன்றாகப் பழக்கம், அங்கே நம் பிள்ளைகள் பயப்பட வேண்டாம். கடனீட்டுப் பத்திரம், ரொக்க ஓட்ட அறிக்கை இரண்டும் நம் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் கிடையாது, என்சிஇஆர்டியில் உண்டு, புதிதாகத்தான் படிக்க வேண்டும். வணிகவியலில் மேலாண்மை, நிதிச்சந்தை, சந்தைப்படுத்துதல், நுகர்வோர் பாதுகாப்பு இரண்டு பக்கமும் வருகிறது, ஆனால் நாம் படிக்கிற மாற்றுமுறை ஆவணச் சட்டம், நிறுமச் சட்டம் அங்கே தேவைப்படாது. இன்னொரு வித்தியாசம், நம் தேர்வில் ஐந்து மதிப்பெண் கணக்கைப் படிப்படியாகப் போட்டு வழிமுறைக்கும் மார்க் வாங்கிப் பழகியவர்கள் இங்கே ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் விடையை மட்டும் பிடிக்க வேண்டும். பிள்ளை பாடத்தைத் தெரிந்து வைத்திருந்தும் நேரம் போதாமல் திணறினாள்.

இங்கேதான் அந்த இரண்டு நட்சத்திரம். மையத்தின் மாதிரித் தேர்வுகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. கணினித் திரை, நேரக் கடிகாரம், கேள்வியைப் பிறகு பார்க்க என்று குறித்துவைக்கும் வசதி எல்லாம் நிஜத் தேர்வு மாதிரியே. தவறாகப் போட்ட கேள்விக்கு எந்த அத்தியாயம் என்று காட்டினார்கள், எந்தப் பகுதியில் நேரம் அதிகம் போகிறது என்றும் தெரிந்தது. சில கணக்குகளில் விடைக்குறிப்பு தவறாக இருந்தது, சொன்னால் திருத்தினார்கள். வாட்ஸ்அப் குழு வெறும் ஃபார்வர்ட் செய்திக் குப்பை, அதை மௌனத்தில் போட்டுவிட்டாள். என்டிஏ தளத்திலும் இலவச மாதிரித் தேர்வு இருக்கிறது, முதலில் அதை எழுதிப் பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் காசு செலவழியுங்கள்.

காலண்டரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2025இல் க்யூட் விண்ணப்பம் திறந்தது மார்ச் 1, நம் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை. பொதுத்தேர்வுக்கு நடுவில் உட்கார்ந்து பாடப் பட்டியல் பார்க்கச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் கண்ணைக் கட்டும். விண்ணப்பம் திறக்கும் முன்பே ஐந்து பாடத்தை முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள், திறந்ததும் வெறுமனே நிரப்பும் வேலைதான். விண்ணப்பம் முடிந்ததும் சில நாளைக்குத் திருத்தம் செய்ய விடுவார்கள், பாடத்தையும் அப்போது மாற்றலாம், அதற்கு அப்புறம் முடியாது.

கட்டணம் அந்த ஆண்டு பொதுப் பிரிவுக்கு மூன்று பாடம் வரை 1,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொன்றுக்கும் 400. ஓபிசிக்கு 900, 375. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 800, 350. நம் ஊரில் பிசி, எம்பிசி சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அதுவே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியான பிரிவு) இல்லை என்பது அதில் இருக்க வேண்டும், புது நிதியாண்டுக்கானதாகவும் இருக்க வேண்டும். ஈ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ஐந்து பாடத்துக்குமான விண்ணப்பக் கட்டணமே இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடுகிறது, பாடம் எது என்று சொல்ல ஐயாயிரம் என்பது எனக்கு எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை.

தேர்வையே பற்றி என் கருத்தையும் மறைக்கவில்லை. 2022 ஏப்ரலில் நம் சட்டமன்றம் க்யூட் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. என்சிஇஆர்டியை அளவுகோலாக வைத்தால் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் பின்தங்குவார்கள் என்ற அந்த வாதம் சரி என்றுதான் நானும் நினைக்கிறேன், மேலே சொன்ன ரொக்க ஓட்ட அறிக்கையே அதற்குச் சாட்சி. நிர்வாகத்திலும் குறைகள் வந்தபடி இருக்கின்றன. 2022இல் தொழில்நுட்பக் கோளாறால் சில மையங்களில் தேர்வு ரத்தானது, 2025இல் கணக்குப்பதிவியல் தாள் பற்றிப் புகார் எழுந்து, முதல் சில நாள் எழுதியவர்களுக்கு மறுபடி எழுத வாய்ப்புக் கொடுத்தார்கள். இத்தனையும் இருக்கும்போதே, தேர்வு இருக்கிறவரைக்கும் நம் பிள்ளைகளுக்கு அதன் விதி தெரியாமல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒரு ஆசிரியர் தகுதிப் பட்டியலை ஒரு தடவை படித்துக் கரும்பலகையில் போட்டால் போதும், இந்தக் கடைகளில் பாதிக்கு வேலை இருக்காது.

முடிவு தாமதமாகத்தான் வரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் செப்டம்பர் நடுவில், 2025இல் ஜூலை 4. அதற்குள் நம் கல்லூரிகள் சேர்க்கையை முடித்து வகுப்பே தொடங்கிவிடும். நாங்கள் திருச்சியில் ஒரு கல்லூரியில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டுத்தான் காத்திருந்தோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள், கையில் இருப்பதை விடாதீர்கள். விலகினால் பணம் திருப்பித் தரும் விதியை யுஜிசி ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2024-25இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று உத்தரவு இருந்தது. பணம் கட்டும் முன்பே அந்த ஆண்டு அறிவிப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கல்லூரி அலுவலகத்தில் பேசும்போது உதவும்.

அக்கா மகள் இப்போது டெல்லியில் ஒரு கல்லூரியில் பி.காம் ஹானர்ஸ் படிக்கிறாள். அந்த நான்கு தாளின் கூட்டலில்தான் இடம் கிடைத்தது, கணிதத்தை அந்த நான்கில் நுழைத்திருந்தால் பிசினஸ் ஸ்டடீஸோ பொருளியலோ வெளியே போயிருக்கும், நான்கு தாளே தேறியிருக்காது.

யாருக்கு இந்தப் பேக்கேஜ் உதவும்? சிபிஎஸ்இ பாடத்திட்டம், பாடங்களை ஏற்கெனவே முடிவு செய்தாகிவிட்டது, வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யும் ஒழுங்கு வரவில்லை என்றால் மாதிரித் தேர்வுக்காக வாங்கலாம். அதை மட்டும் தனியாகக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள், நாங்கள் போன இடத்தில் முதலில் இல்லை என்றார்கள், அப்புறம் வேறு ஒருவருக்குப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். ஆலோசனைக்கு உட்காருவதென்றால், நீங்கள் போக நினைக்கும் பல்கலைக்கழகத்தின் கையேட்டை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள், அவர்கள் சொல்லும் ஒவ்வொரு பாடத்துக்கும் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.